ஜுரம் விட்டது, நோய் விட்டதா?

"ஜுரம் இறங்கிவிட்டது, இனிப் பயமில்லை" என்று சொல்லி, நோயாளிக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டுப் பத்தியமும் போட்டபின், வீட்டார் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். பல ஜுரங்களுக்கு இவ்வழக்கம் போதுமானதாக இருக்கலாம். ஆனால் 2020-ஆம் வருஷத்தில் உலகத்தையே ஆட்டி வைத்த கொரோனாவுக்கு இது போதவில்லை. அதை நுரையீரல் நோய் என்றே உலகம் முதலில் எண்ணியது. நாளடைவில், இருதயம், சிறுநீரகம், மூளை, இரத்தக் குழாய்கள் ஆகிய யாவற்றையும் அது தாக்கக்கூடும் என்பதை வைத்தியர்கள் கண்டார்கள். இந்த உண்மையை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது இன்றைக்கும் அவசியம்.

வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்திலுள்ள பரங்கிப்பேட்டை, போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கப்பலில் வந்து வியாபாரம் செய்த பழைய துறைமுகம். வெளியூர்த் தொடர்பு இவ்வூருக்கும் இதைச் சுற்றியுள்ள கடலூர் ஜில்லாவுக்கும் புதிதன்று. 2020 ஜனவரி 30-ஆம் தேதி கேரளத்தில் தென்பட்ட நோய், மார்ச் 7-ஆம் தேதி தமிழ்நாட்டில் கண்டறியப்பட்டது. ஏப்ரல் மாதக் கடைசியில் சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் அது பரவிற்று. அங்கே மூட்டை சுமந்து பிழைத்த கடலூர் ஜில்லாத் தொழிலாளர்கள் பலர் கிடைத்த லாரிகளில் ஏறி ஊர் திரும்பினார்கள். மே 5-ஆம் தேதி மார்க்கெட் மூடப்பட்டது. அதே வாரத்தில் இந்த ஜில்லாவில் ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் நோய் இருப்பது தெரிய வந்தது. வயிற்றுப் பிழைப்புக்காகப் போனவர்களை நோய் கொண்டு வந்தவர்கள் என்று தூற்றியது நியாயமாகாது. கிருமிக்குச் சுமக்கும் தோள் எது என்ற பேதம் கிடையாது.

அந்தக் கிருமியின் அளவைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் அது. 'வைரஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு விஷம் என்று பொருள். தனியே இருக்கும்போது அது உண்பதில்லை, பெருகுவதும் இல்லை. நம் உடம்பின் உயிரணுவுக்குள் புகுந்தால்தான் அதற்கு வாழ்வு. புகுவதற்கு ஒரு கதவு வேண்டுமல்லவா? ஏஸ்-2 என்னும் புரதம் அந்தக் கதவாக அமைந்துவிட்டது. அது மூக்கிலும் நுரையீரலிலும் மட்டுமா இருக்கிறது? இருதயத்திலும் குடலிலும் சிறுநீரகத்திலும்கூட இருக்கிறது. ஒரு நோய் இத்தனை இடங்களில் கை வைத்ததற்கு இது ஒரு காரணம்.

முதலில் நுரையீரலைப் பார்ப்போம். அதில் முப்பது கோடிக்கு மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகப் பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. நோய் முற்றினால் அறைகளில் நீர் கோத்துச் சுவர் தடித்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், சிலருக்கு மூச்சு முட்டுவதே தெரிவதில்லை. நோயாளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். இரத்தத்திலோ பிராணவாயு குறைந்துகொண்டே போகும். விரல் நுனியில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் என்ற சிறு கருவி வீட்டுக்கு வீடு பேசப்பட்டதன் காரணம் இதுதான். அதில் 95-க்கு மேல் இருக்க வேண்டிய எண் 94-க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது அந்நாளில் ஜனங்கள் கற்ற பாடம்.

அடுத்தது இரத்தக் குழாய்கள். வெள்ளாற்று முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் படகுகள் கடலுக்குப் போகவும் முடியாது, கரைக்குத் திரும்பவும் முடியாது. அதுபோலவே, குழாய்களின் உட்சுவர் புண்பட்டு இரத்தம் ஆங்காங்கே உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. அடைப்பு நுரையீரலில் நேர்ந்தால் மூச்சுக்கு ஆபத்து. இருதயக் குழாயில் நேர்ந்தால் மாரடைப்பு. மூளையில் நேர்ந்தால் பக்கவாதம். இதுவன்றி இருதயத்தின் தசையே வீங்கித் துடிப்புத் தடுமாறுவதும் உண்டு.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. பிராணவாயுக் குறைவு, இரத்த உறைவு, இரத்த அழுத்தம் தாழ்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து தாக்கினால் அவை வேலைநிறுத்தம் செய்துவிடும். ஏற்கெனவே நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு இந்த அபாயம் அதிகம். நோய் முற்றிய சிலருக்கு இயந்திரத்தைக் கொண்டு இரத்தத்தைச் சுத்தி செய்ய வேண்டி வந்தது.

மூக்கின் கதை வேறு. மீன் குழம்பின் வாசனையும் காப்பியின் மணமும் தெரியாமல் எத்தனையோ பேர் திகைத்தார்கள். வாசனையை அறியும் நரம்பைத் தாங்கி நிற்கும் அணுக்களைக் கிருமி முதலில் தாக்கியதே இதற்குக் காரணம் என்று ஆராய்ச்சியாளர் சொல்கிறார்கள். பெரும்பாலோருக்கு மணம் திரும்பிற்று. சிலருக்கு மாதக்கணக்கில் திரும்பவில்லை.

இவ்வளவு சேதத்தையும் கிருமி ஒன்றே செய்ததா? இல்லை. முதல் வாரத்தில் கிருமி பெருகுகிறது. அதை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் சேனை, சிலருக்கு இரண்டாவது வாரத்தில் கட்டுக்கு அடங்காமல் சொந்த நாட்டையே சூறையாடத் தொடங்குகிறது. ஜுரம் தணிந்ததென்று வீட்டார் நிம்மதியடையும் வேளையில் நோயாளி திடீரென்று மோசமாவது இதனால்தான். டெக்ஸாமெத்தஸோன் என்ற மலிவான பழைய மருந்து இந்தச் சேனையை அடக்கி, மூச்சு இயந்திரத்தில் இருந்த நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சி காட்டிற்று. அமிர்தமும் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு. இத்தகைய மருந்துகள் சர்க்கரையை ஏற்றுபவை. 2021-இல் இரண்டாம் அலையின்போது, நீரிழிவு உள்ளவர்களுக்கு அவற்றை மிதமிஞ்சிக் கொடுத்தது கருப்புப் பூஞ்சை நோய்க்கு இடங்கொடுத்தது. மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கிச் சாப்பிடும் பழக்கத்தை நம்மவர் கைவிட இதைவிட வேறு படிப்பினை வேண்டுமா?

நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் இத்தனை துன்பம் இல்லாமலே பிழைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 16-ஆம் தேதி நம் நாட்டில் தொடங்கிய தடுப்பூசி, நோய் கடுமையாவதை வெகுவாகத் தடுத்தது. 2023 மே 5-ஆம் தேதி, கோயம்பேடு மூடப்பட்டுச் சரியாக மூன்று வருஷங்கள் கழித்து, உலக நெருக்கடி முடிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. நெருக்கடி முடிந்ததே தவிர, கிருமி ஒழிந்துவிடவில்லை.

நோய் கண்டு மூன்று மாதங்கள் ஆன பின்னும் களைப்பு, மூச்சிரைப்பு, மறதி ஆகியவை நீடிப்பதை வைத்தியர்கள் 'நீண்ட கோவிட்' என்று பெயரிட்டு ஒரு நோயாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நம் வீடுகளிலோ இதற்குச் சோம்பல் என்று பெயர். முன்போல் வலை இழுக்க முடியாத மீனவரையும், மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கும் தாயாரையும், படித்தது நிற்கவில்லை என்று கலங்கும் பிள்ளையையும் ஏசுவதில் என்ன பயன்? பாடம் சொல்லும் தொழிலில் இருக்கும் நமக்கு ஒன்று தெரியும்: ஏச்சினால் எந்தப் பிள்ளைக்கும் ஞாபகசக்தி வளர்ந்ததில்லை.

ஆகையால், கடுமையான ஜுரத்திலிருந்து எழுந்தவருக்கு ஓய்வு கொடுங்கள். வேலையைப் படிப்படியாகத் தொடங்கச் சொல்லுங்கள். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவரானால் சர்க்கரை, சிறுநீரகம், இருதயம் ஆகியவற்றைப் பரீட்சிக்கச் செய்யுங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஜுரமானி காட்டும் எண் உடம்பின் உஷ்ணத்தை மட்டுமே சொல்லும். உள்ளே இருக்கும் உறுப்புகளின் நலத்தை, நோயாளியின் பேச்சைப் பொறுமையாகக் கேட்பவர்களே முதலில் அறிவார்கள்.