பாத் நகரின் தேநீர் சபைகள்

இரவு ஒன்பது மணிக்கு நடனம் நிற்கும். இசைக் கலைஞர்கள் வாத்தியங்களை இறக்கி வைப்பார்கள். பட்டும் சரிகையுமாக ஆடிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கானோர் அடுத்த அறைக்கு நகர்வார்கள். அங்கே நீண்ட மேசைகளில் தேநீர் காத்திருக்கும். 1771-இல் திறக்கப்பட்ட பாத் நகரத்து அசெம்ப்ளி ரூம்ஸ் மண்டபத்தில் நடன இரவுகள் இப்படித்தான் நடந்தன. நடனத்துக்கென ஒரு கூடம், சீட்டாட ஓர் அறை, தேநீருக்கென்றே தனியாக ஒரு பெரிய அறை. தேநீர் குடிப்பதற்காக ஒரு நகரம் தனிக் கூடமே எழுப்பியது என்றால், அந்தப் பானத்துக்கு அங்கே இருந்த மரியாதையைப் புரிந்துகொள்ளலாம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே, ஏவன் ஆறு வளைந்தோடும் இடத்தில் இருக்கிறது பாத். லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். நகரம் முழுவதும் ஒரே தேன் நிறக் கல்லால் கட்டப்பட்டது. பூமிக்கடியிலிருந்து 46 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நாளொன்றுக்குப் பதினோரு லட்சம் லிட்டருக்கும் மேல் வெந்நீர் பொங்குகிறது. அதைச் சுற்றி ரோமானியர்கள் குளமும் கோயிலும் கட்டினார்கள். நகரம் முழுவதையும் 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவின் ஊற்று நகரங்களில் ஒன்றாக 2021-இல் மீண்டும் ஒரு முறை அதே பட்டியலில் இடம் கிடைத்தது.

இந்த நகரத்துக்கு வருகிறவர்கள் ரோமானியக் குளத்தைப் பார்த்துவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு, மாலை ரயிலில் லண்டன் திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. பாத் நடந்து பார்த்துவிட்டுப் போவதற்கான ஊர் அல்ல. உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஊர். அதற்குத் தேநீர் மேசையைவிட நல்ல இடம் இல்லை.

வாளைக் கழற்றி வைத்த ஊர்

பாத்தைத் தேநீர் நகரமாக்கிய பெருமையில் பெரும்பங்கு ரிச்சர்ட் நாஷ் என்பவருக்கு உரியது. ‘போ நாஷ்’ என்று ஊர் அழைத்த இவர், 1700-களின் தொடக்கத்தில் இங்கே விழாத் தலைவராகி, 1761-இல் இறக்கும்வரை நகரத்தின் பொது வாழ்க்கையை வழிநடத்தினார். சபைக்குள் யாரும் வாள் அணிந்து வரக் கூடாது. நடனம் பதினோரு மணிக்கு முடிந்தே தீர வேண்டும். பிரபுக்களும் மற்றவர்களும் ஒரே கூடத்தில் பழக வேண்டும். இவை அவர் விதித்த ஒழுங்குகள்.

அந்தக் காலத்து லண்டன் காபி கிளப்புகள் பெரும்பாலும் ஆண்களின் உலகம். பாத்தின் சபைகளிலோ சந்தா கட்டிய பெண்களும் ஆண்களும் சேர்ந்து அமர்ந்து தேநீர் அருந்தினார்கள். திருமணப் பேச்சு, அரசியல், ஊர் வம்பு எல்லாம் அந்த மேசைகளில்தான் நடந்தன. 1784-இல் பிரதமர் வில்லியம் பிட், தேயிலை மீதான வரியை 119 சதவீதத்திலிருந்து பன்னிரண்டரை சதவீதமாகக் குறைத்தார். கடத்தல் தேயிலைக்கு வேலை இல்லாமல் போயிற்று. நடுத்தர வீடுகளிலும் தேநீர்க் கோப்பைகள் நிறைந்தன.

நான்கு மணிக்கு சாண்ட்விச்சும் கேக்குமாகத் தேநீர் அருந்தும் ‘ஆஃப்டர்நூன் டீ’ வழக்கம் இதற்கெல்லாம் பிந்தையது. 1840 வாக்கில் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா அதைத் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். இரவு உணவு எட்டு மணிக்குத் தள்ளிப்போன காலம் அது. மதியத்துக்கும் இரவுக்கும் இடையே பசி தாங்காமல் தம் அறைக்குத் தேநீரும் ரொட்டியும் வரவழைத்தார், பிறகு தோழிகளையும் அழைத்தார் என்பது கதை. சீமாட்டியின் வரவேற்பறைக்குத் தேநீர் போவதற்கு வெகுகாலம் முன்பே, பாத் அதைப் பொதுச் சபைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதனால்தான் இந்த ஊரில் தேநீரை ஹோட்டல் அறையில் தனியாகக் குடிப்பதைவிட, நாலு பேர் நடுவே குடிப்பதே பொருத்தம்.

பம்ப் ரூம்: முதல் இடம்

ரோமானியக் குளத்தை ஒட்டியே நிற்கிறது கிராண்ட் பம்ப் ரூம். 1706-இல் இங்கே முதல் கட்டடம் எழுந்தது. கூட்டம் கொள்ளாமல் போனதால், 1789-இல் தாமஸ் பால்ட்வின் என்ற கட்டடக் கலைஞர் புதியதைத் தொடங்கினார். அவர் நொடித்துப்போனதும் ஜான் பாமர் அதை முடித்துக் கொடுத்தார். நோயாளிகள் காலையில் வந்து ஊற்று நீரை மருந்தாகக் குடிப்பார்கள். மற்றவர்கள் அவர்களையும் ஒருவரை ஒருவரும் பார்க்க வருவார்கள். ஜேன் ஆஸ்டினின் ‘நார்தாங்கர் அபே’ நாவலின் நாயகி கேத்தரின், தான் சந்தித்த இளைஞன் மறுபடி கண்ணில் படுவானா என்று தேடிவருவது இந்தக் கூடத்துக்குத்தான்.

உயரமான சன்னல்கள், நடுவே தொங்கும் கண்ணாடிச் சரவிளக்கு, மாடத்தில் போ நாஷின் சிலை. புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் தாமஸ் டாம்பியன் 1709-இல் நகரத்துக்குப் பரிசளித்த நெடுங்கடிகாரமும் இங்கேதான் நிற்கிறது. இங்கே இசை ஒலிப்பது 18-ஆம் நூற்றாண்டு முதல் தொடரும் மரபு. பியானோ, வயலின், செல்லோ என மூவர் வாசிக்க, மேசைகளில் பேச்சு தாழ்ந்த குரலில் ஓடும். ஓரத்தில் ஊற்று நீர் வழங்கும் இடம் உண்டு. ஒரு குவளை வாங்கிக் குடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக, உப்பும் இரும்பும் கலந்த வாடையுடன் இருக்கும். 43 கனிமங்கள் கலந்த நீர் அது. அதன் பிறகு வரும் தேநீர் இன்னும் சுவைக்கும்.

சாலி லன்: பன்னுக்காக ஒரு வீடு

பாத் தேவாலயத்திலிருந்து இரண்டு நிமிட நடையில், நார்த் பரேட் பாசேஜ் என்ற சந்தில் இருக்கிறது சாலி லன் வீடு. 1482-ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் இந்த வீடு, நகரின் மிகப் பழைய வீடுகளில் ஒன்று. 1680-இல் பிரான்ஸிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஒரு பெண் இங்கே சுட்டதுதான் சாலி லன் பன் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கதை இருபதாம் நூற்றாண்டில் பரவியது. உறுதியான சான்று இல்லை. பன்னின் பழமைக்கு மட்டும் சான்று உண்டு: 1780-லேயே பாத்தில் அதன் பெயர் எழுத்தில் பதிவாகியிருக்கிறது.

நம் பேக்கரி பன்னைப் போல இரண்டு மடங்கு பெரியது, வெண்ணெயும் முட்டையும் சேர்ந்து பஞ்சாக இருக்கும். முழு பன்னைத் தர மாட்டார்கள். கிடையாக இரண்டாக வெட்டி, மேல் பாதியையோ கீழ்ப் பாதியையோ வாட்டிக் கொடுப்பார்கள். மேல் பாதிக்கு இனிப்பு, கீழ்ப் பாதிக்குக் காரசாரமான மேல்வைப்பு என்பது கடையின் முறை. இலவங்கப்பட்டை வெண்ணெய் தடவியது இங்கே பெயர்போனது. நிலவறையில் பழைய சமையலறையும் ரோமானியர் காலத்து எச்சங்களும் உள்ள சிறிய காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் பெரிய தட்டு வேண்டாம் என்பவர்களுக்கும் இதுவே சரியான இடம்.

இதை பாத் பன்னோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சிறியது, உருண்டையானது, மேலே கற்கண்டுத் துணுக்குகள் பதித்தது. 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஒன்பது லட்சத்துக்கும் மேல் விற்றுத் தீர்ந்த பன் அது. தேவாலயத்துக்கு அருகே ஏபி கிரீன் சதுக்கத்தின் தேநீர்க் கடைகளில் கிடைக்கும்.

ஆஸ்டின் தெருவும் பிறை வடிவ மாளிகையும்

ஜேன் ஆஸ்டின் 1801 முதல் 1806 வரை பாத்தில் வசித்தார். தந்தை இறந்த பிறகு 1805-இல் சில மாதங்கள் கே தெருவின் 25-ஆம் எண் வீட்டில் இருந்தார். அதே தெருவில் 40-ஆம் எண் வீட்டில் இன்று ஜேன் ஆஸ்டின் மையம் இயங்குகிறது. அதன் மேல்மாடியில் உள்ள ரீஜென்ஸி தேநீர் அறையில், அக்கால உடையணிந்த பணியாளர்கள் பரிமாறுகிறார்கள். ஆஸ்டினின் நாயகன் ‘மிஸ்டர் டார்சி’ பெயரிலேயே ஒரு தேநீர்த் தட்டு உண்டு. ஆஸ்டினைப் படித்தவர்கள் இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மனம் நிறைந்து திரும்புவார்கள்.

செலவு செய்யத் தயங்காதவர்களுக்கு ராயல் கிரெசென்ட். 1767 முதல் 1774 வரை இளைய ஜான் வுட் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பிய 30 வீடுகளின் பிறை வடிவ வரிசை இது. நடு வீடுகளில் இயங்கும் ஹோட்டலில் ஆஃப்டர்நூன் டீ கிடைக்கும். வெயில் இருக்கும் நாளில் பின்புறத் தோட்டத்தில் இடம் கேளுங்கள். வரிசையின் முதல் வீடு அருங்காட்சியகம். தேநீருக்கு முன் அதைப் பார்த்துவிட்டால், 18-ஆம் நூற்றாண்டில் ஒரு வீட்டுக்குள் வாழ்க்கை எப்படி இருந்தது என்பது விளங்கும்.

நாம் தொடங்கிய அசெம்ப்ளி ரூம்ஸ் மண்டபத்தின் கதை நீண்டது. பயண முகவர் தாமஸ் குக்கின் பேரன் எர்னஸ்ட் குக், 1931-இல் அதை விலைக்கு வாங்கி நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்தார். 1942 ஏப்ரலில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் உட்புறம் எரிந்து போனது. முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்ததால் சரவிளக்குகள் பிழைத்தன. மீண்டும் கட்டி 1963-இல் திறந்தார்கள். 2023-இல் நிர்வாகத்தை நேஷனல் டிரஸ்ட்டே திரும்ப ஏற்றுப் புதுப்பிக்கும் பணியில் இறங்கியது. எனவே அது திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

தட்டில் என்ன வரும்?

ஆஃப்டர்நூன் டீ கேட்டால் மூன்றடுக்குத் தட்டு வரும். கீழ்த்தட்டில் ஓரம் வெட்டிய சிறு சாண்ட்விச்சுகள்: வெள்ளரிக்காய், முட்டை, புகையூட்டிய சால்மன் மீன், பன்றி இறைச்சி. நடுவில் ஸ்கோன் என்னும் சூடான சிறு ரொட்டி, கூடவே கிளாட்டட் கிரீம் என்னும் கெட்டிப் பாலேடு, ஸ்ட்ராபெர்ரி ஜாம். மேலே கேக்குகள். கீழிருந்து மேலே போவதே முறை. ஸ்கோனைக் கத்தியால் அறுக்காமல் கையால் பிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகத் தடவிச் சாப்பிட வேண்டும். டெவனில் கிரீமை முதலில் தடவுவார்கள், கார்ன்வாலில் ஜாமை. பாத் இரண்டு மாவட்டங்களுக்கும் வெளியே இருப்பதால் உங்கள் விருப்பம்.

முழுத் தட்டு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடானது. மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். அவ்வளவு வேண்டாம் என்றால் ‘கிரீம் டீ’ கேளுங்கள்; கிரீம், ஜாமோடு ஸ்கோனும் தேநீரும் மட்டும் வரும். ‘ஹை டீ’ என்று கேட்காதீர்கள். அது உழைக்கும் குடும்பங்களின் மாலைச் சாப்பாட்டுக்கு உரிய பெயர். சைவம் சாப்பிடுபவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். முட்டை சாப்பிடாதவர்கள் அதையும் தனியே சொல்ல வேண்டும். சில இனிப்புகளில் ஜெலட்டின் சேரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோப்பைக்குள் யாருடைய உழைப்பு?

ஆஸ்டின் காலத்தில் பாத்தில் குடித்தது சீனத் தேயிலை. அசாம் தேயிலை லண்டனில் ஏலத்துக்கு வந்தது 1839-இல்தான். இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் காப்பிச் செடிகளை இலைநோய் அழிக்கவே, மலைகள் முழுவதும் தேயிலை பரவியது. அந்த மலைகளைத் திருத்தியதும், கொழுந்து பறித்ததும், லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்ததும் தமிழகக் கிராமங்களிலிருந்து போன நம் மக்கள். இன்று பாத்தில் நீங்கள் ‘சிலோன்’ என்று கேட்டு வாங்கும் கோப்பையில் மலையகத் தமிழ்ப் பெண்களின் கைகள் இருக்கின்றன.

சர்க்கரைக்கும் இப்படியொரு பின்னணி உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தேநீரை இனிக்கவைத்தது கரீபியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரை. 1791-இல் அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் விடுத்த அழைப்பை ஏற்று, ஏராளமான ஆங்கிலக் குடும்பங்கள் அந்தச் சர்க்கரையைப் புறக்கணித்தன. அதில் முன்நின்றவர்களில் பலர் பெண்கள். ஜமைக்கா தோட்டங்களின் வாரிசான வில்லியம் பெக்ஃபோர்ட் 1822-இல் பாத்தில் குடியேறி, லான்ஸ்டவுன் குன்றின் மேல் கோபுரம் கட்டினார். அந்தக் கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது. இந்த ஊரின் அழகையும் அதற்குப் பணம் வந்த வழியையும் சேர்த்தே பார்ப்பதுதான் நேர்மை.

எங்கே போகலாம்?

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் என் பதில் பம்ப் ரூம். சாலி லன் வீட்டில் பன் இன்னும் சுவையாக இருக்கும், ராயல் கிரெசென்டில் உபசரிப்பு இன்னும் நயமாக இருக்கும். ஆனால் முந்நூறு ஆண்டுகளாக முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாக அமர்ந்து குடித்துவரும் இடம் பம்ப் ரூம் மட்டுமே. வார இறுதியென்றால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். காலையில் ரோமானியக் குளத்தைப் பாருங்கள், பிற்பகல் மூன்று மணிக்கு மேசையில் அமருங்கள். தேயிலை கேட்கும்போது சிலோன் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதையே குடியுங்கள். எந்த மலையில் விளைந்தது, யார் பறித்தது என்பதை உடன் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.