'தண்ணிக் குண்டு' தக்காளி... ஜெர்மானியர்கள் தேடியது மண்ணையா, ருசியையா?

ஒரு பட்டப்பெயர் வைத்தே தக்காளி விற்பனையைச் சாய்க்க முடியுமா? 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் அதுதான் நடந்தது. பக்கத்து நாடான நெதர்லாந்திலிருந்து வந்த தக்காளிக்கு அங்கே வைத்த பெயர் 'வாஸர்போம்பே'. நம் மொழியில் சொன்னால், தண்ணிக் குண்டு!

பார்க்க உருண்டையாக, சிவப்பாக, ஒரே அளவில் இருக்கும். கடித்தால் வெறும் தண்ணீர். புளிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. அந்தத் தக்காளி மண்ணையே பார்த்ததில்லை. கண்ணாடிக் கூடாரத்துக்குள், பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சில் வேர்விட்டு, சொட்டுச் சொட்டாக வரும் சத்து நீரைக் குடித்து வளர்ந்தது. 'மண்ணே இல்லையாம், ருசி எங்கிருந்து வரும்?' என்று பேச்சு கிளம்பியது. பலர் வேறு நாட்டுத் தக்காளி பக்கம் திரும்பினார்கள். நெதர்லாந்து விவசாயிகளுக்கு இது பலத்த அடி. ஜெர்மனிதான் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர்.

ருசி இல்லை என்ற புகார் நியாயமானதுதான். ஆனால் பழியை மண் மேல் போட்டது சரியா? எடைக்குத்தான் காசு என்பதால், அதிகம் காய்க்கும் ரகம். லாரியில் நசுங்காத தடித்த தோல். நன்றாகப் பழுக்கும் முன்பே பறிப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால், அசல் கரிசல் மண்ணில் போட்டாலும் ருசி வராது.

நெதர்லாந்துக்காரர்கள் ரகத்தை மாற்றினார்கள். சின்னதாக, இனிப்பாக, காம்போடு கொத்தாகப் பறிக்கும் தக்காளியைக் கொண்டுவந்தார்கள். அதே பஞ்சு, அதே சத்து நீர். ஜெர்மானியர்கள் மறுபடியும் வாங்கினார்கள்! (கொத்துத் தக்காளியை முகர்ந்ததும் வருகிற அந்தத் 'தோட்டத்து வாசம்' பெரும்பாலும் காம்பிலிருந்து வருவது. வியாபார மூளை!)

'ரசாயனத் தண்ணியில வளர்ந்தது' என்ற பயம் மட்டும் இன்னும் போகவில்லை. தொழுவுரம் போட்டாலும், நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்து நைட்ரேட், பொட்டாசியம் என உப்புகளாக மாற்றிய பிறகே வேர் உறிஞ்சுகிறது. அதே உப்புகளைத்தான் இங்கே நேரடியாக நீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள்.

குழப்பம் லேபிளில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் மண்ணில் விளையாத பழத்துக்கு 'ஆர்கானிக்' முத்திரை கிடையாது. அமெரிக்காவில் கிடைக்கும். அங்கே இதைத் தடை செய்யும் யோசனை, 2017 நவம்பரில் தேசிய ஆர்கானிக் தர வாரியத்தில் 8-க்கு 7 என்ற ஓட்டில் தோற்றது. பழம் எதில் வளர்ந்தது என்பதைப் பெட்டியிலேயே அச்சடித்துவிட்டால், வாங்குபவர் தானே முடிவு செய்துகொள்வார்.

தக்காளிக்குப் பாறைப் பஞ்சு என்றால், நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடார ஸ்ட்ராபெர்ரிக்கு? தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சும் நார்க்கழிவும் பயன்படுகிறது. அதைக் கழுவி, உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி வெளிநாடுகளுக்குக் கப்பலேற்றும் ஊர்களில் நம்ம பொள்ளாச்சியும் ஒன்று.