உங்களுக்குத் தெரியுமா? பதில் சொல்லிக்கொண்டே வளர்ந்த பெண்கள்

மனச்சோர்வால் தூக்கம் கெட்டதா, தூக்கம் கெட்டதால் மனச்சோர்வு வந்ததா? ஒரே ஒருமுறை கேட்டால் இது தெரியாது. அதே பெண்களிடம் சில ஆண்டுகள் விட்டு மறுபடி மறுபடி கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 1996 முதல் இது நடக்கிறது. நியூகாசில், குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகங்கள் நடத்தும் பெண்கள் உடல்நல ஆய்வில் முதலில் சேர்ந்தவர்கள் சுமார் 40,000 பேர். அவர்களில் 14,000-க்கும் மேற்பட்டோர் 18 முதல் 23 வயது வரையிலான இளம்பெண்கள். தொடக்கத்தில் வினாத்தாள் தபாலில் போனது. ஆனால் அந்த வயதில் யார் ஒரே முகவரியில் இருக்கிறார்கள்? படிப்பு, வேலை, கல்யாணம் என்று வீடு மாறும். பலருக்குக் குடும்பப் பெயரும் மாறிவிடும். விட்டுப்போனவர்கள் ஏராளம்.

எஞ்சியவர்களின் பதில்கள் ஒன்றை உரக்கச் சொல்கின்றன: பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு வலுவான முன்னறிகுறி, அதற்கு முன்பே இருந்த மனச்சோர்வும் பதற்றமும்தான். அப்படியானால், குழந்தை பிறந்த பிறகு மட்டும் தாயின் மனநிலையை விசாரிப்பது தாமதமான விசாரணை.

2012–13இல், 1989 முதல் 1995 வரை பிறந்த 17,000-க்கும் மேற்பட்ட பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். இம்முறை தபாலை நம்பவில்லை. இணையத்திலும் ஃபேஸ்புக் வழியாகவும் ஆள் திரட்டினார்கள்.