வீக்எண்ட் கேம்பிங் போறீங்களா? டென்ட் வாங்கும் முன் இதைக் கவனிங்க!

ஏற்காடு, ஏலகிரி என வீக்எண்ட் கேம்பிங் பிளான் இருக்கா? ‘2 பேர் டென்ட்’ என்றால் இரண்டு பேர் ஒட்டிப் படுக்கத்தான் இடம். பேக் வைக்க முடியாது. இருவருக்கு ‘3 பேர் டென்ட்’ வாங்குவதே நல்லது.

மலையில் திடீர் மழை சகஜம். மேல்விரிப்பு தரை அருகே வரை இறங்கும் டென்ட்டாகப் பாருங்க.

அனுமதி உள்ள இடத்தில், மேடான சமதரையில் போடுங்க. காய்ந்த ஓடை வேண்டவே வேண்டாம். மேல்விரிப்பு உள்துணியில் ஒட்டாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டணும். ஒட்டினால் ஈரம் உள்ளே இறங்கும்.

முக்கியமாக, குளிருதே என்று கரி அடுப்பையோ ஸ்டவ்வையோ உள்ளே வைக்காதீங்க. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

கிளம்பும் முன் மொட்டை மாடியில் ஒருமுறை டென்ட்டைப் போட்டுப் பார்த்துடுங்க!