எரிமலை வைத்த பரீட்சை

காற்று, கடல், வெயில் இவற்றின் போக்கைக் கணக்காக்கிக் கணினியில் இடுவதே தட்பவெப்ப மாதிரி. அது கூறும் எதிர்காலத்தை நம்பலாமா?

1991 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாத்துபோ எரிமலை வெடித்து, ஏறத்தாழ 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடைக் கக்கியதைச் செயற்கைக் கோள்கள் அளந்தன. அவ்வாயு துகட்படலமாகி வெயிலை மறைத்தது. உலகம் சுமார் அரை டிகிரி குளிரும் என ஜேம்ஸ் ஹான்சன் குழுவினர் மாதிரி கொண்டு 1992 தொடக்கத்தில் கூறினர், அவ்வாறே குளிர்ந்தது.

விடை சரி, வழியும் சரியா? கணக்காசிரியர் விடமாட்டார் அல்லவா! வெப்பத்தைப் பிடித்துவைக்கும் நீராவி, காற்று குளிர்ந்தால் குறையும். அதனால் குளிர் மேலும் மிகும். நீராவி குறைந்ததைச் செயற்கைக் கோள் காட்டிற்று. 2002-இல் பிரையன் சோடன் முதலியோர் மாதிரியில் இவ்விளைவை நீக்கிப் பார்த்தனர், குளிர்ச்சி போதவில்லை. சேர்த்ததும் அளவீட்டோடு பொருந்திற்று. கரியமில வாயுவால் உலகம் சூடேறும்போது இதே நீராவி பெருகிச் சூட்டை மிகுவிக்கும்.