சுகர் மெஷின் வாங்கப் போறீங்களா? முதல்ல ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்க

எங்க ஆச்சிக்குச் சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஒரு மதியம் திடீரென்று வியர்த்துக் கொட்டி, கை நடுங்க ஆரம்பித்தது. "சுகர் ஏறிடுச்சு போல, இனிப்பு எதுவும் குடுக்காதீங்க" என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அலமாரியில் சுகர் மெஷின் இருந்தது, ஆனால் ஸ்ட்ரிப் தீர்ந்து பல மாதம் ஆகியிருந்தது. அடுத்த தெருவில் இருக்கும் சுகாதாரத் தன்னார்வலர் அக்கா தன் மெஷினோடு ஓடி வந்து பார்த்தபோது காட்டிய எண் 58. சுகர் ஏறவில்லை, இறங்கியிருந்தது. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, ஆச்சி மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறார். நாங்கள் இனிப்பை மறுத்தது எவ்வளவு ஆபத்து என்று அப்புறம்தான் புரிந்தது.

உங்க வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு மெஷின் தூங்கிக்கொண்டிருக்கலாம். காரணம் சோம்பல் மட்டும் இல்லை, ஸ்ட்ரிப் விலையும்தான்.

மெஷினை ஒருமுறை வாங்கினால் போதும். சலுகை விலையில், சில நேரம் இலவசமாகக்கூடக் கிடைக்கும். ஸ்ட்ரிப் அப்படியில்லை. கடையில் ஒன்று சுமார் 15 முதல் 25 ரூபாய் ஆகிறது, ஒரு கம்பெனி மெஷினில் இன்னொரு கம்பெனி ஸ்ட்ரிப் வேலை செய்யாது. 20 ரூபாய் என்று வைத்து ஒரு நாளைக்கு நான்கு முறை பார்த்தால் மாதம் 2,400 ரூபாய். வாரம் இரண்டு மூன்று முறை என்றால் 200, 250-க்குள் முடிந்துவிடும். அதனால் கடையில் மெஷின் விலையைக் கேட்பதற்கு முன்னாடி, "இதுக்கு ஸ்ட்ரிப் என்ன விலை, 25 உள்ள பாக்கெட் இருக்கா?" என்று கேளுங்க. 50 உள்ள பாக்கெட்டில் ஒன்றின் விலை குறைவாகத் தெரியும். ஆனால் பாட்டிலைத் திறந்த பிறகு பல கம்பெனி ஸ்ட்ரிப்களுக்கு 3 முதல் 6 மாதம்தான் ஆயுள். மாதம் 10 மட்டும் பயன்படுத்துகிறவருக்கு, 3 மாதக் கெடு உள்ள பாட்டிலில் 20 ஸ்ட்ரிப் வீணாகும். திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே பேனாவால் எழுதி வையுங்க.

விலையைப் பொறுத்தவரை நமக்குச் சாதகமான சில விஷயங்கள் நடந்திருக்கின்றன. 2021 ஜனவரி முதல் குளுக்கோமீட்டர் மருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதனால் அதன் அதிகபட்சச் சில்லறை விலையை ஒரு வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பில் கேட்டு வாங்கி, வரி எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்க. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் 'பார்மா ஜன் சமாதான்' தளத்தில் புகார் செய்யலாம். மக்கள் மருந்தகம் எனப்படும் ஜன் ஔஷதி கடைகளின் பட்டியலிலும் மெஷினும் ஸ்ட்ரிப்பும் உண்டு. இருப்பு இருக்கிறதா என்று போன் செய்துவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

இவ்வளவும் எல்லோருக்கும் தேவையா? இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயம் வீட்டில் பார்க்க வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சுகரைச் சட்டென்று இறக்கக்கூடியவை, அவற்றைச் சாப்பிடுகிறவர்களும் மெஷின் வைத்திருப்பது நல்லது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டு, சுகர் கட்டுக்குள் இருப்பவர் தினமும் விரலைக் குத்திக்கொள்வதில் பெரிய பலன் இல்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும், டாக்டர் சொல்லும் ரத்தப் பரிசோதனையுமே பெரும்பாலும் போதும். நீங்க எந்த வகை என்று உங்க டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்க. எண் இலக்கையும் அவரிடமே கேளுங்க. பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள் என்பார்கள். வயதானவர்களுக்கு இது கொஞ்சம் தளர்த்தப்படும்.

குறைந்த ஸ்ட்ரிப்பில் அதிகம் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. தினமும் வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்க. ஒரு நாள் நான்கு இட்லி, இன்னொரு நாள் இரண்டு இட்லியோடு சுண்டல். இரண்டு நாளுக்கு நான்கு ஸ்ட்ரிப் போதும், எது உங்க உடம்புக்கு ஒத்துவருகிறது என்று எண்ணே சொல்லிவிடும்.

பார்ப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்க. மாம்பழம் சாப்பிட்ட விரலோடு பார்த்தால் எண் கண்டபடி ஏறும். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவருக்குப் பயன்படுத்தவே கூடாது, புருஷன் பொண்டாட்டியாக இருந்தாலும் சரி. குத்திய ஊசிகளை மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, குப்பை வாங்க வருகிற தூய்மைப் பணியாளரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்க. நம்ம வீட்டு ஊசி அவர் கையில் குத்தக் கூடாது இல்லையா?

லேபில் 200 என்று வந்தால் வீட்டு மெஷின் 170 முதல் 230 வரை எதைக் காட்டினாலும், சர்வதேசத் தரப்படி அது சரியான மெஷின்தான். அதனால் பத்து, இருபது வித்தியாசத்துக்குப் பதறி நீங்களாகவே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

போனில் அடிக்கடி வரும் ஒரு விளம்பரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: 'குத்தாமலே சுகர் பார்க்கும் வாட்ச்', 'கேமராவில் விரல் வைத்தால் சுகர் சொல்லும் ஆப்'. தோலைத் துளைக்காமல் தானே சுகர் அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டும் சென்சார் வேறு. அது உண்மையிலேயே அளக்கும், ஆனால் இரண்டு வாரத்துக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

மெஷின் வாங்க வசதியில்லை என்றால் பரிசோதனையை விட்டுவிட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். கட்டணம் இல்லை. உங்க தெருவுக்கு யாரும் வரவில்லையா? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ள தொற்றா நோய்ப் பிரிவில் நோயாளியின் பெயரைச் சொல்லிப் பதிவு செய்யுங்க. சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம். அவர்கள் பார்த்துச் சொல்லும் எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டிலோ போனிலோ குறித்து வைத்து, டாக்டரிடம் காட்டுங்க.

எங்க ஆச்சிக்கு நடந்தது உங்க வீட்டில் நடந்தால் இதைச் செய்யுங்க. எண் 70-க்குக் கீழே இருந்து, ஆள் நினைவோடு இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்க. 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்க. இன்னும் ஏறவில்லை என்றால் திரும்பவும் கொடுங்க. ஏறியதும் எதையாவது சாப்பிட வையுங்க. மெஷினோ ஸ்ட்ரிப்போ கையில் இல்லை, ஆனால் வியர்வையும் நடுக்கமும் இருக்கிறது என்றால், எண்ணுக்காகக் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிடுங்க. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்கு அழையுங்க.