தொட்டிலும் இராகமும்

தாலாட்டு என்றதும் இசைவாணர் நீலாம்பரியை நினைப்பர். ஆயினும் தாலாட்டின் தாய்வீடு அரங்கன்று, தொட்டிலே. பெரியாழ்வார் கண்ணனையும், குலசேகராழ்வார் இராமனையும் குழந்தையாக்கித் தாலாட்டினர். 1813ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் பிறந்தபோது, இரயிம்மன் தம்பி மலையாளத்தில் ஒரு தாலாட்டு இயற்றினார். அது குறிஞ்சியிலும் நவரோஜிலும் பாடப்பெறுகிறது. இவ்விரு இராகங்களும் மேல் ஷட்ஜத்தைத் தொடுவதில்லை. கண்ணயரும் மகவின் அருகே எந்தத் தாய்தான் குரலை உயர்த்துவாள்? அவளது அடங்கிய குரலையே இசை இலக்கணம் பேணிக்கொண்டது என்று நான் கருதுகிறேன்.

அக்குரல் நம் மலையகத்திற்கும் உரியது. அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலே, லயக் காம்பராவில் சேலைத் தொட்டிலை ஆட்டும் தாய், விடிந்ததும் மகவைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுக் கொழுந்துக் கூடையைச் சுமக்க வேண்டியவள். அவள் தாலாட்டில் கொஞ்சலோடு பிரிவும் கலந்திருக்கக் கேட்டு நான் நெஞ்சுருகியதுண்டு.

சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் (1914–1984) தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவ்வாறு சொற்கள் ஏடேறின. மெட்டோ, பாடும் மூதாட்டியரோடு மறைந்துவிடக் கூடியது.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் பாட்டியரிடம் அமர்ந்து கேளுங்கள், ஒலிப்பதிவு செய்யுங்கள், இசையறிந்தோர் சுரப்படுத்தட்டும். கச்சேரியில் நீலாம்பரி கேட்டு மெய்ம்மறக்கும் நாம், நம் தொட்டிலை ஆட்டிய குரலை மறத்தல் முறையாமோ?